தேயிலையில் ஏறிய வாடை

கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் மழைக்காலம் முழுவதும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அடுப்படியிலிருந்து முன்கதவுக்கு, முன்கதவிலிருந்து கொல்லைக்கதவுக்கு, அங்கிருந்து மறுபடி அடுப்படிக்கு. மூடுபனி சன்னலை ஒட்டி நின்றது. மழை மெலியும், நிற்காது. உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் கை எதையாவது தேடும்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே அப்பாவின் தோட்டத்தில் எனக்கு நாள் போதாது. கடலை பறிப்பு, பருத்தி எடுப்பு, நான்கு மாடுகளின் கறவை என்று ஓடிக்கொண்டிருந்தவள் நான். என் கணவரின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கமிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பே மூணாறு மலைக்கு ஏறியது. அவருடைய அக்காவை எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வழியில் வந்த சம்பந்தம். மாட்டுப்பட்டிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரியில் அவருக்கு வேலை. காய்ந்து வரும் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. கைநிறைய அள்ளி முகர்ந்து பார்த்தே, இது காலைக் கொழுந்து, இது மாலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"ஏனுங்க, நானும் கொழுந்து எடுக்கப் போகட்டுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஸ்டாஃப் வீட்டுப் பொம்பள கூடையத் தூக்குனா ஆபீஸ்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. கொஞ்சநாள் பொறு புள்ள, பழகிரும்" என்றார்.

பழகவில்லை. மழை விட்டதும் வீட்டுக்குள் நடந்த நடையை வெளியே நடந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படி நடக்கும்போதுதான் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் யூக்காலி என்கிற தைலமரங்களை வெட்டத் தொடங்கினார்கள். தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு அந்த விறகுதான். அடிமரத்தையும் கிளைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தழை மட்டும் முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடந்தது. அதன்மேல் நடந்தால் காலடியில் நொறுங்கி, வாடை மண்டைக்குள் ஏறும். இத்தனையும் வீணாகப் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கட்டுத் தழையை வீட்டுக்குத் தூக்கிவந்து அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். வீடு முழுவதும் மணந்தது. கொதித்து முடிந்ததும் அண்டாவில் பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. மணம் ஆவியோடு கூரை வழியாகப் போய்விட்டது. அதை எப்படிப் பிடிப்பது? அன்றிலிருந்து இதே நினைப்பு. தோசை வார்க்கும்போது மூடியில் கோக்கும் நீர்த்துளிகளைப் பார்த்துக்கொண்டு நின்று தோசையைக் கருக்கினேன்.

அந்த மாசி மாதத்தில் அடிமாலியில் ஒரு கல்யாணம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என்னைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டார். பட்டுப்புடவை, தலையில் பூ, பையில் பரிசாக ஒரு எவர்சில்வர் குடம். பாதி மலை இறங்கியபோது, ஓடைக்கரையில் ஒரு ஓலைக் கொட்டகையும் புகையும் தெரிந்தன. பெரிய செம்புப் பானை ஒன்று அடுப்பில் இருந்தது. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, மறுபக்கம் வெளியே வந்தது. நான் எழுந்து கத்தினேன். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நின்றது. இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று யோசிக்கும் முன்பே பஸ் அடுத்த வளைவில் மறைந்தது.

கொட்டகையில் நடுவயதான மலையாளத் தம்பதி இருந்தார்கள். பட்டுப்புடவையும் குடமுமாக ஒருத்தி சரிவில் இறங்கி வருவதைப் பார்த்து அந்த அம்மா எழுந்து நின்றாள்.

"எந்தா வேண்டே? இவிடெ சாராயமொன்னும் இல்ல. புல்தைலமா, புல்தைலம்" என்றாள். அவசரமாகச் சொன்ன விதத்திலேயே, இதற்கு முன்பும் பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

கிழக்குப் பாலக்காட்டில் பிறந்தவளுக்கு மலையாளம் புரியாமலா போகும்? "சாராயம் வேண்டாங்க. இது எப்படிச் செய்யறீங்கன்னு பார்க்கணும்" என்றேன்.

அவர்கள் மலைச்சரிவில் வளரும் வாசனைப்புல்லை அறுத்துவந்து அந்தப் பானையில் அடைத்துத் தைலம் இறக்குகிறார்கள். புல் தண்ணீரில் முங்கக் கூடாது. அடியில் தண்ணீர், நடுவில் ஒரு தட்டு, தட்டின் மேல் புல். ஆவி புல்லுக்குள் நுழைந்து மணத்தைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியாகப் போகும். குளிர்ந்த தண்ணீருக்குள் குழாய் போகும்போது ஆவி மறுபடி நீராகும். அந்த நீரின் மேல் தைலம் தனியாக மிதக்கும். அந்த அம்மா ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். மேலே விரல் அகலத்துக்கு மஞ்சள், கீழே தெளிந்த தண்ணீர், நடுவில் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கோடு. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடிமாலிக்குப் போகவில்லை. சாயங்கால பஸ்ஸில் குடத்தோடு வீடு திரும்பினேன். அவர் கதவைத் திறந்து என் பையைப் பார்த்தார்.

"என்ன, கல்யாணம் நின்னு போச்சா?"

"கல்யாணம் நடந்திருக்குங்க. நான்தான் போகலை."

ஓடைக்கரையில் பார்த்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் இட்லிக் கொப்பரையின் மூடியைத் தட்டிப் பார்த்தார். "ஒரு மூடியில ஓட்டை போடணும், அதானே? ஃபேக்டரி ஃபிட்டர்கிட்ட சொல்லுதேன்" என்றார்.

இட்லிக் கொப்பரைதான் என் முதல் பானை. மூடியில் ஓட்டை போட்டு ஒரு மூக்குக் குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தார் ஃபிட்டர். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, வாளித் தண்ணீருக்குள் விட்டேன். அரைமணி நேரத்தில் மூடியின் விளிம்பு முழுவதும் ஆவி சீறியது. ரப்பர் இளகிக் கொழகொழவென்றாகி, சொட்டிய தண்ணீரில் சைக்கிள் கடை நாற்றம் அடித்தது. எல்லாவற்றையும் கொல்லையில் கொட்டினேன். இரண்டாம் முறை, பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய செம்புக் குழாயை அவர் வாங்கிவந்தார். சோடா உப்புப் போட்டு நான்கு தடவை கொதிக்கவைத்த பிறகுதான் அதில் டீசல் வாடை போனது. மூடியின் விளிம்பை மைதா மாவு பிசைந்து அடைத்தேன். அடுப்பு அதிகமாகி, மாவு வெடித்து, ஆவி பாய்ந்ததில் மணிக்கட்டு வெந்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

மூன்றாம் முறை தணலைக் குறைத்துவைத்தேன். குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. இன்னொன்று. சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன். தழை அள்ளப் போனேன், பாதியில் திரும்பினேன். பாட்டிலை எடுத்துப் பார்த்து அதே இடத்தில் வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு ஒன்று கண்ணில் பட்டது. இங்க் ஃபில்லரால் அதை மட்டும் உறிஞ்சி எடுத்தேன். ஒரு கொப்பரைத் தழைக்கு ஐந்தாறு ஃபில்லர் தைலம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுக்காரி, எஸ்டேட் மருந்தகக் கம்பவுண்டரின் மனைவி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், மதினி என்று கூப்பிடுவாள். முகர்ந்து பார்த்துவிட்டு, "கடைத் தைலமெல்லாம் இதுகிட்ட நிக்காது மதினி" என்றாள். அந்தப் பெருமையில் அடுத்த நாளே என் கணவருக்குச் சளி என்றதும், தைலத்தை அப்படியே நெஞ்சில் தேய்த்துவிட்டேன். தோல் சிவந்து தடித்துப் போனது. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். ஒரு கரண்டித் தேங்காயெண்ணெயில் நாலே சொட்டு, வாயில் படக் கூடாது, கைக்குழந்தை பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டார். அன்றிலிருந்து அது என் சட்டமும் ஆனது.

அதன்பின் தினமும் அடுப்பில் கொப்பரைதான். வளர்ந்த மரத்தின் தழையையும் இளங்கன்றின் தழையையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். பச்சையாக, ஒருநாள் வாடவிட்டு, நறுக்கி, நறுக்காமல் என்று மாற்றி மாற்றி இறக்கினேன். மாலையானால் இன்னும் ஒரு தடவை போடலாமே என்றிருக்கும். வீட்டுச் சுவர், திரைச்சீலை, உப்பு டப்பா எல்லாம் யூக்காலி. எனக்கு மட்டும் அது தெரியவில்லை. மூக்கு மரத்துவிட்டது.

ஒருநாள் மதியம் அவர் நேரம் ஆகும் முன்பே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

"தூள்ல வாடை அடிக்குதாம்."

தேயிலைத் தூள் அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். அதனால் சலிப்பறைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது, வாசனை எண்ணெய் தடவக் கூடாது, வெங்காயம் உரித்த கையோடு நுழையக் கூடாது. அவ்வளவு கண்டிப்பு. தினமும் காலையில் டீ மேக்கர் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பிப் பார்ப்பார். ஃபேக்டரியின் தலைமை அவர்தான். அன்று மூன்றாவது கோப்பையில் நின்றுவிட்டாராம். அந்தத் தூள் முழுவதையும் ஒதுக்கச் சொல்லிவிட்டு, சலிப்பறை ஆட்கள் ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு முகர்ந்திருக்கிறார்.

"என்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. தலைவலிக்குத் தைலம் தேச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஏனுங்க பொய் சொன்னீங்க?"

"பின்ன, எம் பொண்டாட்டி வீட்டுல பானை வச்சுக் காய்ச்சுதான்னு சொல்லவா? சாராயம்னு நெனச்சிருவாக." அடுப்பில் இருந்த கொப்பரையைப் பார்த்தார். "நிறுத்துன்னு நான் சொல்லல. இன்னொரு தடவ நடந்தா சலிப்பறையில இருக்க முடியாது, அதச் சொல்லுதேன்."

அன்றே அடுப்பை அணைத்தேன். கொப்பரையைத் தேய்த்துக் கவிழ்த்தேன். பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அவருடைய ஃபேக்டரிச் சட்டைகளை வெந்நீரில் போட்டு அலசினேன். சுவரைக் கழுவினேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மறுபடி நடக்கத் தொடங்கினேன். முந்தைய வருஷ நடையைவிட இது மோசமாக இருந்தது. அப்போது கை எதைத் தேடியது என்று தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும்.

இருபது நாள் கழித்து மறுபடியும் வாடை. இந்த முறை டீ மேக்கர் திட்டவில்லையாம். "மூக்குள்ளவன்னு உன்னை வச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரைச் சலிப்பறையிலிருந்து எடுத்து விறகு இறக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிட்டார், கை கழுவினார், படுத்துவிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் நிறுத்தி இருபது நாளாகிறது. சட்டையை அவித்தாயிற்று, சுவரைக் கழுவியாயிற்று. பின் எங்கிருந்து வருகிறது? வீட்டில் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். எனக்கு எதிலும் எதுவும் தெரியவில்லை. என் மூக்கை நம்பி இனிப் பயனில்லை; இதே வீட்டில் படுத்து எழும் அவர் மூக்கையும்தான். அப்போதுதான் தோன்றியது: எது மணத்தை இழுத்துக்கொள்கிறதோ அதையே கேட்டால் என்ன?

எஸ்டேட் கொடுக்கும் வீட்டுத் தூள், பிரிக்காத பொட்டலம் ஒன்று கம்பவுண்டர் வீட்டில் இருந்தது. அதை வாங்கினேன். அவளிடமே ஐந்து எவர்சில்வர் டப்பாக்களும் இரவல் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டித் தூளை மெல்லிய துணியில் முடிந்து போட்டேன். முதல் டப்பாவில் அவர் சட்டை. இரண்டாவதில் துண்டு. மூன்றாவதில் தலையணை உறை. நான்காவதில் என் தலையிலிருந்து வெட்டிய ஒரு கொத்து முடி. ஐந்தாவதில் தூள் மட்டும், வேறொன்றும் இல்லை. இறுக மூடி வைத்தேன். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவள் வீட்டு அடுப்பில் ஐந்து தம்ளரில் டீ போட்டேன், பால் சர்க்கரை எதுவும் இல்லாமல். எது எதிலிருந்து வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

"குடிச்சுப் பாரு கண்ணு. எதுல என்ன தெரியுதோ, அதை அப்படியே சொல்லு" என்றேன்.

அவள் முதல் தம்ளரை உறிஞ்சினாள். "கசக்கு. வேற ஒண்ணுமில்ல." இரண்டாவது. "இதுவும் அப்படித்தான்." மூன்றாவதை வாயருகே கொண்டுபோனதுமே முகத்தைச் சுளித்தாள். "இதுல தைலம் போட்டீங்களா மதினி?" நான்காவதைக் குடிக்கவே இல்லை; முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தாள். "இது அதுக்கு மேல இருக்கு." ஐந்தாவதைக் குடித்துவிட்டு, "இது மொத ரெண்டு மாதிரியேதான், வெறும் டீ" என்றாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும். இரண்டு மாதம் ஆவிக்கு நடுவில் நின்றதில் அதில் ஏறிய வாடை, என் தலையணையில் இறங்கி, இலவம் பஞ்சு அதை வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தலையணை அவருடையது. அங்கிருந்து அவர் தலை. அவருக்கு யோசிக்கும்போது தலையைக் கோதும் பழக்கம். அதே கையால்தான் தூளை அள்ளி முகர்வார். சுவரைக் கழுவி என்ன, சட்டையை அவித்து என்ன? வாடை என்னிடமிருந்து போயிருக்கிறது.

இரண்டு தலையணைகளையும் எடுத்துக் கொல்லையில் எரித்தேன். சீயக்காயும் அரப்பும் போட்டு மூன்று நாள் தலை அலசினேன். மூன்றாம் நாள் மறுபடி டப்பாவில் முடியை வைத்துப் பார்த்தேன். இன்னும் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். தோள்வரை வெட்டச் சொன்னேன். "அண்ணன் ஏசுவாக மதினி" என்றாள். "ஏசட்டும்" என்றேன். வெட்டி முடித்து, அவர் தலையையும் அதேபோல் அலசவைத்து, இரண்டு பேர் முடியையும் டப்பாவில் வைத்தேன். மறுநாள் அவள் குடித்துவிட்டு, "கசக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவரிடம் சொல்லாமல் ஃபேக்டரிக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள். கொழுந்து எடைபோடும் கொட்டகையில் காத்திருந்தேன். டீ மேக்கர் மதுரைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் வாடைக்குப் பயந்து பத்தடி தள்ளியே நின்றார்.

"அங்கனயே நில்லும்மா. என்ன விஷயம்?"

"சார், அவரு உங்ககிட்டப் பொய் சொன்னாருங்க. தலைவலித் தைலம் இல்லை. நான் வீட்டுல யூக்காலித் தைலம் எறக்கினேனுங்க. அந்த வாடைதான்." தொடங்கியதை நிறுத்த முடியாமல் டப்பா, தூள், தலையணை, முடி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் முதலில் கறுத்தது. டப்பாவின் பேச்சு வந்ததும் ஓரடி முன்னால் வந்தார்.

"வெறும் தூளு மட்டும் ஒண்ணுல வச்சியா?"

"வச்சேனுங்க. அது இல்லாம மத்தது எப்படித் தெரியும்?"

"குடிச்ச பிள்ளைக்கு எது எதுன்னு தெரியாதா?"

"சொல்லலைங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். முக்காட்டுக்குள் இருந்த குட்டை முடியையும் பார்த்திருக்க வேண்டும். "நாளைக்கு உன் வீட்டுலருந்து ரெண்டு டப்பா அனுப்பு. அவன் முடியோட வச்சு எடுத்த தூளு ஒண்ணு, வெறும் தூளு ஒண்ணு. எது எதுன்னு எழுதாத" என்றார்.

அனுப்பினேன். இரண்டையும் ருசி பார்த்துவிட்டு, வித்தியாசம் இல்லை என்று சொன்னாராம். மறு வாரம் என் கணவர் சலிப்பறைக்குத் திரும்பினார். ஆனால் டீ மேக்கர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: குடியிருக்கும் வீட்டில் இனி அந்த அடுப்பு எரியக் கூடாது.

எரியவில்லை. ஆனால் நானும் அடங்கவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு ஒரு காலையில் அவரே, "உன் காலடிச் சத்தத்துக்கு ஃபேக்டரி மெஷினு எவ்வளவோ தேவலாம். வா" என்று கூட்டிப் போனார். தேயிலைக்குக் கீழே, ஓடையைத் தாண்டி, மாடுகள் இல்லாமல் கிடந்த ஒரு கொட்டகை. எஸ்டேட் ஆபீஸில் ஏற்கெனவே கேட்டுவைத்திருக்கிறார். கூரையில் பாதி இல்லை. தண்ணீர் மட்டும் பனிக்கட்டிபோல் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைக் குளிரவைக்க வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றும் வேலையே இல்லை.

"ஏனுங்க, உங்களுக்கு இந்த வாடை வெறுத்துப் போகலைங்களா?"

"ஃபேக்டரியில மூக்கு வேலை பாக்குது. வெளிய வந்தா அதுக்கு லீவு" என்றார்.

கூரையை வேய்ந்துகொண்டு வாரத்தில் இரண்டு நாள் அங்கே போனேன். தனிப் புடவை, தலையில் இறுக்கிய துணி, வேலை முடிந்ததும் ஓடையிலேயே குளியல். மாதம் ஒருமுறை டப்பா சோதனை. தூளில் வாடை என்ற பேச்சு அதன்பின் எழவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கம்பவுண்டர் வீட்டுக்காரியும் வந்து சேர்ந்தாள். அவளுக்கு வாசனைப்புல்லில்தான் ஆசை. அடிமாலிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி ஒரு சுமை வரவழைத்தாள். முதல் தடவை புல்லைத் தண்ணீரிலேயே முக்கிவைத்து, புளித்த கஞ்சி மாதிரி ஒன்றை இறக்கினாள். நான் சிரித்தேன். அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பானையைத் தேய்த்து, தட்டைச் சரியாக வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் குழாய் முனையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை வலுத்தது.